கதைக்குள் நின்றுபோன கடிகாரம்

வாசகர் கேள்வி – பதில்

இணையக் கலைக்களஞ்சியங்களில் எழுதும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை இம்முறை ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. தொலைக்காட்சித் தொடரில் வரும் ஒரு கற்பனைப் பொருளுக்கோ, இடத்துக்கோ, துணைக் கதைமாந்தருக்கோ தனிக்கட்டுரை எழுதலாமா என்பதே அது. ஆகவே இந்த இதழில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் விரும்பிப் பார்த்த ஒரு நெடுந்தொடரில் கூடத்துச் சுவரில் பழைய கடிகாரம் ஒன்று தொங்கும். குடும்பத் தலைவர் இறந்த நேரத்தில் அது நின்றுவிடும். அதன்பின் யாரும் அதற்குச் சாவி கொடுப்பதில்லை. தொடரின் எல்லாப் பகுதிகளையும் மறுபடி பார்த்து, அக்கடிகாரம் தென்படும் 62 காட்சிகளையும் குறித்துவைத்து, மூன்று மாதம் உழைத்து விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதினேன். குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை என்று சொல்லி நேற்று அதை நீக்கலுக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள். டார்டிஸ் என்ற கற்பனை விண்கலத்துக்குத் தனிக்கட்டுரை இருக்கிறது. அதுவும் கற்பனை, இதுவும் கற்பனை. என் கடிகாரத்துக்கு மட்டும் ஏன் இடமில்லை?

பதில்: கட்டுரையின் படியையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள், இரண்டு முறை படித்தேன். கடிகாரத்தின் முட்கள் நான்கு இருபதில் நிற்பதையும், இளைய மருமகள் அந்த வீட்டுக்குள் வரும் முதற்காட்சியில் அதைப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வதையும், பல நூறு பகுதிகளுக்குப் பிறகு அதே மருமகள் நாற்காலி போட்டு ஏறிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு முள்ளைத் தொடாமல் இறங்குவதையும் நீங்கள் சொல்லியிருக்கும் விதத்தில் கூர்ந்து பார்க்கும் ஒரு கண் தெரிகிறது. அந்தக் கண்ணை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கட்டுரையின் அடியில் இருக்கும் 41 மேற்கோள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனையும் அந்தத் தொடரின் பகுதி எண்களே. தொடர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது தவிர, கடிகாரத்தைப் பற்றி வேறு யாரும் எதுவும் சொன்னதாக அதில் ஒரு வரி இல்லை.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளுக்குத் தனிக்கட்டுரை அமைய, அப்பொருளோடு தொடர்பற்ற நம்பகமான மூலங்கள் அதைப் பற்றிக் கணிசமாக எழுதியிருக்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் பொதுவான அளவுகோல். தொடர்பற்ற என்றால் தயாரிப்பு நிறுவனமோ, ஒளிபரப்பும் அலைவரிசையோ, அவற்றின் விளம்பரமோ அல்லாத என்று பொருள். நம்பகமான என்றால் எழுதியதற்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர் குழுவோ, ஆய்வாளரோ பின்னால் நிற்கிற என்று பொருள். கணிசமாக என்றால் போகிறபோக்கில் பெயர் சொல்லிப் போகாமல் நின்று பேசியிருக்க வேண்டும் என்று பொருள். குறிப்பிடத்தக்கமை என்ற சொல்லை முக்கியத்துவம் என்று எடுத்துக்கொள்வதால்தான் பலருக்கு மனம் புண்படுகிறது. உங்கள் கடிகாரம் அந்தக் கதைக்கு மிக முக்கியமானதாக இருக்கலாம். கதையின் உயிரே அதில் இருக்கலாம். கதைக்கு வெளியே இருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்களா என்பது மட்டுமே இங்கே கேட்கப்படுகிறது.

டார்டிஸை எடுத்துக்கொள்வோம். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய டாக்டர் ஹூ தொடரில் வரும் அந்தக் காலப்பயணக் கலம், போகும் இடத்துக்கு ஏற்பத் தன் உருவத்தை மாற்றிக்கொள்ள வல்லது என்பது கதை. ஒவ்வொரு கதைக்கும் புதிய உருவம் செய்யப் பணம் போதாது என்பதால், பொறி பழுதாகி அது காவல் பெட்டியாகவே நின்றுபோனது என்று கதையிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தப் பெட்டியோ கற்பனை அன்று. மெக்கென்சி டிரெஞ்ச் என்ற கட்டடக் கலைஞர் 1929இல் லண்டன் பெருநகரக் காவல்துறைக்காக வடிவமைத்த, தெருவோரத்தில் நின்று காவலர்களுக்குத் தொலைபேசி தந்த உண்மையான பெட்டி. காவலர் கைக்கு வானொலிக் கருவி வந்தபின் பெட்டிகள் தெருவிலிருந்து மறைந்தன. மக்கள் நினைவில் தொடர் வழியாகவே நிலைத்தன. 1996இல் அந்த வடிவத்தைத் தன் வணிகக்குறியாகப் பதிவுசெய்ய பிபிசி விண்ணப்பித்தபோது காவல்துறை எதிர்த்தது. 2002இல் காப்புரிமை அலுவலகம் பிபிசிக்குச் சாதகமாக முடிவு சொன்னது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அச்சொல்லுக்குத் தனிப்பதிவு தந்திருக்கிறது. இப்போது டார்டிஸ் கட்டுரையிலிருந்து கதையை மொத்தமாக எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி என்ன நிற்கிறது? தயாரிப்புச் செலவு, கட்டட வரலாறு, வணிகக்குறி வழக்கு, மொழி என்று பாதிக் கட்டுரை அப்படியே நிற்கிறது. உங்கள் கட்டுரையில் இதே கழித்தலைச் செய்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன். தலைப்பும், தொடர் ஒளிபரப்பான ஆண்டும் மட்டுமே மிஞ்சின.

டார்டிஸ் பெரிய பொருள், அதோடு ஒப்பிடலாமா என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆகவே கடிகாரத்துக்குப் பக்கத்து உறவாகிய ஒரு நாற்காலியைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1971 முதல் 1979 வரை ஒளிபரப்பான ஆல் இன் த ஃபேமிலி என்ற தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற குடும்பத் தலைவர் எப்போதும் உட்காரும் நாற்காலி அது. வேறு யாரும் அதில் உட்கார அவர் விடமாட்டார். படப்பிடிப்புக்காகப் பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கிய சாதாரண நாற்காலிதான். 1978இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் ஏற்றுக்கொண்டது. ஒரு நாட்டின் வரலாற்றைச் சேமிக்கும் இடத்துக்குள், கற்பனை மனிதர் ஒருவரின் வீட்டில் இருந்த பொருள் போய்ச் சேர்ந்தது ஏன் என்று பலரும் எழுதினார்கள். அந்த எழுத்துகள்தான் நாற்காலியைக் கலைக்களஞ்சியத்துக்கு உரியதாக்கின. வீட்டுப் பொருள் என்பதற்காக உங்கள் கடிகாரம் ஒதுக்கப்படவில்லை என்று சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்து என்ன செய்வது என்றால், தேடுங்கள். நாளிதழ் விமர்சகர் யாராவது அக்கடிகாரத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறாரா, தொடர்களில் வீட்டுப் பொருள்கள் பெறும் இடத்தைப் பற்றிப் பல்கலைக்கழக ஆய்வேடு எதுவும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கலை இயக்குநரின் நேர்காணல் கிடைத்தால் அதையும் எடுத்துவையுங்கள். அவர் தயாரிப்பைச் சேர்ந்தவர் என்பதால் குறிப்பிடத்தக்கமைக்கு அது சான்றாகாது, ஆனால் கட்டுரைக்குச் சதை தரும். இப்படிப்பட்ட தொடர்பற்ற மூலங்கள் இரண்டு மூன்று கிடைத்தால் கட்டுரையை அவற்றிலிருந்து தொடங்கி மறுபடி எழுதுங்கள். 62 காட்சிகளில் நான்கைந்து மட்டும் போதும். கிடைக்காவிட்டால், தொடரைப் பற்றிய முதன்மைக் கட்டுரையில் கடிகாரத்துக்கு நான்கு வரி எழுதுங்கள். கதையைப் பற்றி அறிய வரும் வாசகர் அந்த நான்கு வரியைத் தேடி அங்கேதான் வருவார்.

கேள்வி: அச்சுக் கலைக்களஞ்சியத்துக்குத் தாள் செலவு உண்டு, கட்டும் செலவு உண்டு. இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கட்டுரை கூடுதலாக இருப்பதால் யாருக்கு என்ன இழப்பு? வேண்டியவர் படிக்கட்டும், வேண்டாதவர் விட்டுவிடட்டுமே.

பதில்: இடத்துக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். பஞ்சம் கண்களுக்கு. ஒரு கட்டுரையை எழுதுவது சில நாள் வேலை. அதைக் காப்பது ஆண்டுக்கணக்கான வேலை. யாரோ ஒருவர் நள்ளிரவில் வந்து ஒரு பெயரையோ ஆண்டையோ மாற்றிவிட்டுப் போனால், மாற்றியது தவறு என்று கண்டுபிடிக்க இன்னொருவருக்கு வழி இருக்க வேண்டும். நகரம் ஒன்றின் மக்கள்தொகையை மாற்றினால் கணக்கெடுப்பு அறிக்கையைப் புரட்டலாம். கடிகாரம் 62 காட்சிகளில் வருகிறது என்பதை 64 என்று மாற்றினால் யார் எதைப் புரட்டுவது? தொடரை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி பார்க்க வேண்டும்.

இதைத் தெளிவாகக் காட்டும் உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. பீட்டர் ஃபால்க் நடித்த கொலம்போ என்ற துப்பறியும் தொடரில், கசங்கிய மழைக்கோட்டோடு வரும் அந்தக் காவல் அதிகாரியின் முதற்பெயரைத் தொடரில் யாரும் சொல்வதே இல்லை. ஃபிரெட் வொர்த் என்பவர் 1974இல் வெளியிட்ட ஒரு துணுக்குச் செய்திக் களஞ்சியத்தில், அவருடைய முதற்பெயர் ஃபிலிப் என்று எழுதினார். அது அவர் வேண்டுமென்றே வைத்த பொறி. தம் உழைப்பை யாராவது திருடினால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று இல்லாத ஒரு பெயரை உண்மைகளுக்கு நடுவே புதைத்துவைத்தார். பின்னர் வந்த டிரிவியல் பர்சூட் என்ற வினாடிவினா விளையாட்டின் அட்டை ஒன்றில் அந்த ஃபிலிப் வந்து நின்றார். 1984இல் வொர்த் 30 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். தாங்கள் பயன்படுத்திய பல மூலங்களில் அந்தக் களஞ்சியமும் ஒன்று என்று விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். செய்திகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்ற அடிப்படையில் வழக்கு தோற்றது. 1987இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

வழக்கின் முடிவைக் காட்டிலும் அந்த ஃபிலிப்பின் பயணமே என்னைத் துன்புறுத்துகிறது. தொடரில் கொலம்போவின் அடையாள அட்டை நெருக்கமாகக் காட்டப்படும் ஒரு காட்சி உண்டு. அதில் ஃபிராங்க் என்ற பெயர் தெரியும். படத்தை நிறுத்தி அட்டையைப் படித்த இரசிகர் ஒருவருக்குத்தான் அது தெரியும். அச்சில் இருந்த பெயரைப் படித்த எல்லாருக்கும் தெரிந்தது ஃபிலிப். இல்லாத ஒரு பெயர் களஞ்சியம் என்ற பெயரைத் தாங்கிய நூலில் ஏறி, அங்கிருந்து ஒரு விளையாட்டுக்குள் நுழைந்து, வீடு வீடாகப் போய்ச் சரியான விடை ஆனது. கதைக்குள் மட்டுமே வாழும் ஒரு நுணுக்கத்தை வெளியார் யாரும் சோதித்ததில்லை என்றால், கலைக்களஞ்சியம் அதைத் தன் பெயரால் உறுதிசெய்யும்போது இந்த ஆபத்து எப்போதும் கூடவே வருகிறது. வெளிமூலம் கேட்பவர் உங்கள் நேர்மையை ஐயப்படவில்லை. பத்தாண்டு கழித்து வரப்போகும் முன்பின் அறியாத வாசகருக்கு ஒரு பிடி கேட்கிறார்.

கேள்வி: மக்கள் வாழும் சிற்றூர் என்றால் இரண்டு வரிச் செய்தி இருந்தாலும் தனிக்கட்டுரை நிற்கிறது. கோடிக்கணக்கானோர் தம் வீட்டு மனிதராகவே நினைக்கும் கதைமாந்தருக்கு இடமில்லை. தொலைக்காட்சி என்றாலே இளக்காரம் என்பதுதானே உண்மையான காரணம்?

பதில்: உங்கள் குற்றச்சாட்டில் பாதி சரி. தவறான பாதியை முதலில் பேசிவிடுகிறேன்.

தொலைக்காட்சிக்கு விக்கிப்பீடியாவில் கதவு அடைக்கப்பட்டதே இல்லை. ஒரு காலத்தில் அது அகலத் திறந்தே கிடந்தது. போக்கிமான் என்பவை ஜப்பானிய விளையாட்டுகளிலும் தொலைக்காட்சித் தொடரிலும் வரும் கற்பனை உயிரினங்கள். 2007 வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுரை இருந்தது. அப்போதிருந்த போக்கிமான்கள் 493. அதனால் போக்கிமான் சோதனை என்ற சொல்லே அங்கே பிறந்தது: யாரும் அறியாத ஒரு போக்கிமானுக்குக் கட்டுரை இருக்கும்போது எங்கள் பள்ளிக்கு ஏன் இருக்கக்கூடாது என்று ஒருவர் கேட்டால், மற்றவருக்கு விடை சொல்ல வழி இருக்காது. பிறகு அவற்றைப் பட்டியல் கட்டுரைகளாக ஒன்றிணைத்தார்கள். பிக்காச்சு போல வெளியுலகம் விரிவாகப் பேசிய சிலவற்றுக்கு மட்டும் தனிக்கட்டுரை தொடர்ந்தது. அதே காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களின் பகுதிகளுக்கும் கதைமாந்தருக்கும் இருந்த கட்டுரைகளை மொத்தமாக வழிமாற்றிய (அதாவது, அவற்றைத் திறப்பவர் வேறொரு கட்டுரைக்குப் போய்ச் சேரும்படி செய்த) பயனர்களுக்கும் அவற்றை மீட்ட பயனர்களுக்கும் மூண்ட சண்டை, 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலுமாக இரண்டு முறை அங்குள்ள நடுவர் குழு வரை போனது. கட்டுரைகள் இருக்கலாமா கூடாதா என்று நடுவர் குழு தீர்ப்புச் சொல்லவில்லை. இணைந்து பேசி முடிவெடுங்கள், ஒருவரோடு ஒருவர் சண்டையிடாதீர்கள் என்பதே அதன் சாரம். ஆக, இன்றைய விதிகள் தொலைக்காட்சியை அறியாதவர்கள் மேலிருந்து இறக்கியவை அல்ல. போக்கிமானையும் தொடர்களையும் நேசித்தவர்களும் உட்கார்ந்து பேசித்தான் அவை உருவாயின. சிற்றூரைப் பொறுத்தவரை, சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட ஊர் என்றால் கணக்கெடுப்பும் நிலப்பதிவும் ஏதோ ஓர் அலுவலகத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் இடம் தருகிறார்கள். கற்பனை ஊருக்கு அப்படி ஓர் அலுவலகம் இல்லை.

சரியான பாதி இதுதான். வெளியார் எழுதியிருக்க வேண்டும் என்ற விதி, வெளியார் எதைப் பற்றி எழுதத் தகும் என்று நினைக்கிறார்களோ அதன் சாய்வையும் சேர்த்தே சுமக்கிறது. அறிவியல் புனைகதைத் தொடர்களுக்கு ஆய்வேடுகள் குவிந்துகிடக்கின்றன. ஸ்டார் டிரெக் தொடரில் வேற்றுக்கோள் இனத்தார் பேசும் கிளிங்கன் மொழியைப் பாருங்கள்: மார்க் ஒக்ராண்ட் என்ற மொழியியலாளர் அதற்கு இலக்கணம் அமைத்தார், 1985இல் அகராதி வந்தது, 1992இல் அதற்கென ஒரு நிறுவனமே தோன்றியது. அதே தொடரில் மருத்துவர் கையில் பிடித்து நோயறியும் டிரைக்கார்டர் என்ற கற்பனைக் கருவியை உண்மையாகச் செய்துகாட்டுபவர்களுக்கு 1 கோடி டாலர் பரிசுத்தொகை கொண்ட போட்டி 2012இல் தொடங்கப்பட்டது. எல்லா நிபந்தனைகளையும் யாரும் நிறைவேற்றாததால் 2017இல் குறைந்த தொகையே வழங்கப்பட்டது. இவற்றுக்குத் தனிக்கட்டுரை எழுத மூலத்துக்குக் குறைவே இல்லை. நாள்தோறும் ஒளிபரப்பாகும் குடும்பத் தொடர்களுக்கோ, அவற்றை எத்தனை பேர் பார்த்தாலும், நின்று எழுதும் விமர்சகர் குறைவு. அவற்றின் பார்வையாளர்களில் பெரும்பகுதியினர் வீட்டுவேலைக்கு நடுவே பார்க்கும் பெண்கள் என்பதால் அவை எழுதத் தகாதவை என்று நெடுங்காலம் கருதப்பட்டன. அந்த அலட்சியம் மூலங்களின் எண்ணிக்கையில் தெரிகிறது, பின்னர் கலைக்களஞ்சியத்திலும் தெரிகிறது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருவது. ஆனால் நோய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மருந்தும் போட வேண்டும். சான்று இல்லாத கட்டுரையை விக்கிப்பீடியாவில் நிறுத்திவைப்பதால் விமர்சனம் பிறக்காது. நல்ல இதழ்களுக்கு விமர்சனம் எழுதுங்கள். ஆய்வு மாணவராக இருந்தால் அதைத் தலைப்பாக எடுங்கள். அந்த எழுத்து வந்தபின் கட்டுரைக்கு வேர் கிடைத்துவிடும்.

நீக்கலுக்குப் பரிந்துரைப்பவர்களுக்கும் ஒரு சொல். தேடுபொறியின் முதற்பக்கத்தைப் பார்த்துவிட்டு மூலம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அச்சிதழ்களின் பழைய தொகுதிகள் பெரும்பாலும் இணையத்தில் இல்லை. ஒருவர் மூன்று மாதம் உழைத்ததை நீக்கச் சொல்லும் முன் நூலகத்தில் ஒரு மணிநேரம் செலவிடுவது பெரிய கைம்மாறு ஆகாது.

கேள்வி: கதையின் முடிவைக் கலைக்களஞ்சியக் கட்டுரையில் எழுதலாமா? கதைச்சுருக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: எழுதலாம். முடிவைச் சொல்கிறோம் என்ற எச்சரிக்கைப் பலகையை ஆங்கில விக்கிப்பீடியா 2007இலேயே கைவிட்டது. தொடரின் ஒரு பகுதிக்குத் தனிக்கட்டுரை இருந்தால் அதில் கதைச்சுருக்கம் 400 சொற்களுக்குள்ளும், பகுதிகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் 200 சொற்களுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை.

கேள்வி: தொடரில் வரும் செய்திகளைத் தொகுத்து எழுதினால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா? செய்திக்குப் பதிப்புரிமை இல்லை என்கிறார்களே?

பதில்: மேலே சொன்ன கொலம்போ வழக்கை மட்டும் படித்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்த்த சைன்ஃபெல்ட் வழக்கு அதற்கு நேர்மாறான பாதையில் போனது. சைன்ஃபெல்ட் தொடரைப் பற்றி 643 வினாக்களைக் கொண்ட ஒரு வினாடிவினா நூலை ஒரு பதிப்பகம் வெளியிட்டது. அதுவரை ஒளிபரப்பான 86 பகுதிகளில் 84 பகுதிகளிலிருந்து அவ்வினாக்கள் எடுக்கப்பட்டிருந்தன. நாங்கள் எடுத்தவை வெறும் செய்திகள் என்று பதிப்பகம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கதைமாந்தர் ஒருவர் இன்ன பொருளை வாங்கினார் என்பது உலகில் நடந்த செய்தி அன்று. எழுத்தாளர் ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கிய படைப்பு. ஆகவே அவற்றைத் தொகுத்து விற்பது படைப்பை எடுத்து விற்பதே என்று முடிவுசெய்தது.

இந்தத் தீர்ப்பைச் சட்டத்துக்காக மட்டும் நான் சொல்லவில்லை. கற்பனைச் செய்தியின் இயல்பை இவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்டியது வேறெதுவும் எனக்குத் தென்படவில்லை. ஒரு மலை எவ்வளவு உயரம் என்றால், யார் அளந்தாலும் அதே உயரம். கதையில் வரும் மலையின் உயரத்தை அடுத்த வாரம் எழுத்தாளர் மாற்றினால் மாறிவிடும். ஆகவே கற்பனையைப் பற்றி எழுதும்போது மலை 8,000 அடி உயரம் என்று எழுதாமல், எழுத்தாளர் மலையை 8,000 அடி உயரமாக வைத்தார் என்று எழுதப் பழக வேண்டும். கதைக்கு உள்ளே நின்று எழுதுவதற்கும் வெளியே நின்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. வைத்தார் என்று எழுதிய உடனே, ஏன் வைத்தார், யார் கேட்டார்கள், பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்ற கேள்விகள் தாமாக எழும். அவற்றுக்கு விடை தேடப் போனால் கலைக்களஞ்சியக் கட்டுரை கிடைக்கும். உங்கள் கேள்விக்கு நேரடி விடை: விமர்சனத்தோடும் வரலாற்றோடும் கூடிய அளவான சுருக்கத்தால் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை, தொடரின் நுணுக்கங்களை வேறெதுவும் சேர்க்காமல் அடுக்கிக்கொண்டே போவதுதான் சட்டத்திலும் விளிம்பில் நிற்பது.

கேள்வி: அப்படியானால் நாங்கள் சேகரித்த நுணுக்கங்களை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? குப்பையில் போடவா?

பதில்: அவற்றுக்கென்றே கட்டப்பட்ட வீடுகள் இருக்கின்றன. ஸ்டார் டிரெக் இரசிகர்கள் 2003இல் மெமரி ஆல்ஃபா என்ற தனி விக்கியைத் தொடங்கினார்கள். அந்தத் தொடரில் வரும் ஒரு கற்பனை நூலகத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். விக்கிப்பீடியாவில் ஸ்டார் வார்ஸ் திரைப்பட வரிசையின் நுணுக்கங்கள் மிகுந்துவிட்டன என்ற முணுமுணுப்பு எழுந்தபோது 2005இல் வூக்கிபீடியா தோன்றியது. இன்று அதில் இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. இத்தகைய இரசிகர் விக்கிகளில் கதைதான் முதன்மைச் சான்று. ஒரே காட்சியில் தலையைக் காட்டிவிட்டுப் போகும் கதைமாந்தருக்கும் அங்கே தனிப்பக்கம் உண்டு. அங்கே எழுதுவது தரம் குறைந்த வேலை என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். தொடரை ஆராய்பவர்கள், ஏன், புதிய பகுதிக்குக் கதை எழுதுபவர்களும் பழைய செய்தியைச் சரிபார்க்க அவற்றைப் புரட்டுகிறார்கள். 62 காட்சிகளின் பட்டியல் விக்கிப்பீடியாவில் சுமை. அங்கே அது செல்வம்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். ஒன்றிணைப்பு நீக்கல் அன்று. கட்டுரையைத் தொடரின் முதன்மைக் கட்டுரைக்கு வழிமாற்றினால், நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் அப்பக்கத்தின் வரலாற்றில் உங்கள் பயனர்பெயரோடு அப்படியே இருக்கும். விக்கிப்பீடியாவின் உரிமமும் எழுதியவருக்குரிய பெயரை அழிக்க இடம் தருவதில்லை. நான் முதன்முதலில் எழுதிய கட்டுரை ஒரு தொடரில் வரும் கப்பலைப் பற்றியது. அது ஒரு பட்டியலில் நான்கு வரியாகச் சுருங்கியபோது இரண்டு வாரம் விக்கிப்பீடியாவைத் திறக்கவே மனம் வரவில்லை. ஆறு ஆண்டு கழித்து, அந்தக் கப்பலின் மாதிரியைச் செய்த விதத்தைப் பற்றி ஓர் ஆய்வு நூலில் தனி இயலே வந்தது. முன்பின் தெரியாத ஒரு பயனர் வழிமாற்றைத் திறந்து, என் பழைய எழுத்திலிருந்து இரண்டு பத்தியை எடுத்துக்கொண்டு, நூலின் செய்திகளோடு புதிய கட்டுரை அமைத்தார். என்னுடையதைவிட அது மிக நல்ல கட்டுரை.

முதற்கேள்வி கேட்ட வாசகர் இதையும் படிப்பார் என்பதால் அவருக்கு ஒன்று. ஆங்கில விக்கிப்பீடியாவில் நீக்கலுக்கான உரையாடல் பொதுவாக ஏழு நாள் திறந்திருக்கும். மற்ற மொழிகளில் கால அளவு மாறலாம். உரையாடல் முடியும் முன் நீங்களே போய், கட்டுரையைத் தொடரின் பக்கத்தோடு ஒன்றிணைத்து வழிமாற்று இடலாம் என்று உங்கள் பெயரில் எழுதிவிடுங்கள்; எழுதியவரே அப்படிக் கேட்டால் அநேகமாக யாரும் மறுக்கமாட்டார்கள். காட்சிப் பட்டியலை இன்றைக்கே உங்கள் கணினியில் படியெடுத்து வையுங்கள். அந்த நான்கு வரியில், மருமகள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு முள்ளைத் தொடாமல் இறங்கும் காட்சிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.